பிரிட்ஜ் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே கைகளை எல்லா மேசைகளிலும் ஆடும் வாராந்தர டூப்ளிகேட் ஆட்டம் ஆண்டு முழுவதும் தடையின்றி நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அட்டை குறைந்துபோன பிடிங் பாக்ஸ்களை (ஏலத்தைச் சொல்லும் அட்டைகளின் பெட்டிகளை) நிரப்பிவிட்டோம். தொலைந்தவற்றில் பாதிக்கு மேல் ‘பாஸ்’ அட்டைகள். நம்முடைய ஏல லட்சணத்துக்கு அதுதான் அதிகம் தேவைப்பட்டிருக்க வேண்டும், ஆனாலும் தொலைத்துவிட்டோம்.

இனி, இந்த ஆண்டு டைரக்டரை (ஆட்ட நடுவரை) அதிகம் அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன். முறை தவறி இறங்கியதோ, கேட்ட சூட் கையில் இருந்தும் வேறு சீட்டைப் போடும் ரிவோக்கோ அல்ல. “அவங்க உடன்பாட்டை எங்ககிட்ட முழுசா சொல்லலை” என்ற புகார்தான். உடன்பாடு என்றால், எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று ஜோடிக்குள் இருக்கும் புரிதல். ஊரார் புகாரைச் சொல்வதற்கு முன் என் மீது வந்ததைச் சொல்லிவிடுவதே மரியாதை.

என் ஜோடி மூன்றாம் இடத்திலிருந்து, அதாவது ஏலத்தில் மூன்றாவதாகப் பேசும் முறையில், 2 ஸ்பேட் சொன்னார். எதிரணி 4 ஹார்ட்டுக்குப் போனது. டிக்ளரர் (ஏலத்தை வென்று ஆடுபவர்) அந்த 2 ஸ்பேட்டின் பொருளைக் கேட்டார், நான் எங்கள் கன்வென்ஷன் கார்டில் (உடன்பாடுகளை எழுதிவைக்கும் அட்டையில்) இருப்பதை ஒப்பித்தேன்: “வீக் டூ. ஆறு ஸ்பேட், 6 முதல் 10 புள்ளி.” அதாவது, நீண்ட சூட்டும் குறைந்த பலமும் உள்ள கை. முதல் இரண்டு ஸ்பேட் சுற்றும் எங்களுக்குப் போனது. டிக்ளரர் துருப்பான ஹார்ட்டை இழுத்தார். என் ஜோடியிடம் இரண்டு ஹார்ட். கையில் மிஞ்சிய ஸ்பேட்டை டம்மியின் (மேசையில் விரித்துவைத்த அவருடைய ஜோடியின் கையின்) மூன்றாவது கிளப்பில் கழித்தார். என் ஜோடியிடம் இரண்டே கிளப் என்பதும் அப்போது தெரிந்தது. மிச்சம் டயமண்ட் ராணி எந்தப் பக்கம் என்பதுதான். எங்கள் இருவரிடமும் சேர்த்து ஏழு டயமண்ட். ஆறும் இரண்டும் இரண்டும் பத்து, ஆகவே என் ஜோடியிடம் மூன்று, என்னிடம் நான்கு. நான்கு இருக்கும் இடத்தில் ராணியைத் தேடுவதுதான் முறை. தேடினார், தோற்றார். என் ஜோடியிடம் இருந்தது ஐந்து ஸ்பேட், நான்கு டயமண்ட், அதில் ராணி.

டைரக்டர் வந்தார். என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்விதான் கேட்டார்: “மூன்றாம் இடத்தில் அவர் ஐந்து சீட்டில் திறப்பது இது எத்தனையாவது முறை?” நான் விரல்விட ஆரம்பித்து, மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டேன். என் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்தும் வரலாம் என்று டிக்ளரருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஸ்பேட்டைக் கழிக்காமல் டம்மியில் வெட்டியிருப்பார். நான் மூன்றாவது ஸ்பேட்டைப் போடுவதைப் பார்த்த மாத்திரத்தில் கணக்கு வெளிச்சமாகியிருக்கும். முடிவு மாற்றி எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் குறை இல்லை.

2017 விதிகளில் 40-ஆம் விதி இதைத்தான் பேசுகிறது. உடன்பாடு என்பது உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டது மட்டும் அல்ல. சேர்ந்து ஆடி ஆடிப் பழகியதில் தானாக விளைந்ததும் உடன்பாடே. கேட்டால் இரண்டையும் சொல்ல வேண்டும். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரிந்த பொது அறிவிலிருந்து நாம் ஊகிப்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் “இவர் இந்த நிலையில் இப்படித்தான் செய்வார்” என்று நான் என் ஜோடியைப் பற்றி அறிந்தது பொது அறிவு அல்ல. அது எதிரணிக்கும் சேர வேண்டிய சொத்து. சீட்டை மறைப்பது ஆட்டம், ஏலத்தின் பொருளை மறைப்பது ஆட்டம் ஆகாது. பல வருட ஜோடிகள் இதை இரண்டு முறை படிக்கவும். உங்கள் கார்டில் இருப்பதைவிட இல்லாததுதான் அதிகம்.

கையில் இல்லாததை வேண்டுமென்றே சொல்லும் ஏமாற்று ஏலம் தவறா என்று புது உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தவறில்லை, எதிரணி திகைக்கும் அளவுக்கு உங்கள் ஜோடியும் திகைத்தால். அவர் மட்டும் திகைக்கவில்லை என்றால் அது ஏமாற்று அல்ல, சொல்லாமல் விட்ட உடன்பாடு.

பெயரைச் சொல்லித் தப்பிப்பது இன்னொரு பழக்கம். “பெர்கன்”, “மைக்கேல்ஸ்”, “மல்டி” என்று ஏல முறையின் பெயரை மட்டும் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டு, அது தெரியாதவர் ஆடத் தெரியாதவர் என்பதுபோல் ஒரு பார்வை. ஒரே பெயருக்கு மேசைக்கு மேசை வேறு பொருள் உண்டு. பெயர் வேண்டாம், கையைச் சொல்லுங்கள்: எந்தச் சூட், எத்தனை சீட்டு, எவ்வளவு புள்ளி, தொடர்ந்து சொல்லியாக வேண்டுமா இல்லையா. அதேபோல், உடன்பாடே இல்லாத இடத்தில் “நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்” என்று ஊகத்தை விளக்கமாக விற்க வேண்டாம். “எங்களுக்குள் பேசவில்லை” என்பது, உண்மையாக இருக்கும் வரை, முழுமையான பதில். மறந்துவிட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லி டைரக்டரை அழையுங்கள். உங்களை எழுந்து போகச் சொல்லிவிட்டு உங்கள் ஜோடியை விளக்கச் செய்ய அவருக்கு வழி உண்டு.

இந்த ஆண்டின் மிக நல்ல காட்சியும் இதே விஷயத்தில்தான் நடந்தது. நம் மூத்த உறுப்பினரான ஒரு அம்மையார், ஜோடியின் 1 நோ டிரம்ப்புக்கு (துருப்பில்லா ஏலத்துக்கு) 2 ஹார்ட் சொன்னார். உடன்பாட்டின்படி அது டிரான்ஸ்ஃபர், அதாவது ஹார்ட் என்று சொல்லி ஸ்பேட்டைக் காட்டும் ஏலம். ஜோடிக்கு மறந்துவிட்டது. எதிரணி கேட்டபோது “ஹார்ட்தான், பலமில்லாத கை” என்று சொல்லிவிட்டு பாஸும் போட்டார். அம்மையாரின் கையில் ஐந்து ஸ்பேட், ஹார்ட் இரண்டே இரண்டு. பெருமூச்சு இல்லை, புருவம் உயரவில்லை. கடைசி பாஸ் விழுந்ததும், எதிரணி முதல் சீட்டை இறங்குவதற்கு முன், டைரக்டரை அழைத்து, “எங்கள் உடன்பாட்டின்படி நான் காட்டியது ஸ்பேட்” என்றார். கடைசியாக பாஸ் சொன்னவரிடம், மாற்ற விருப்பமா என்று டைரக்டர் கேட்டார். அவர் கையில் ஹார்ட் மட்டும் ஐந்து. வேண்டாம் என்று அவர் சொன்ன அவசரத்தில் மேசையே சிரித்தது, அம்மையார் உட்பட.

அவர் செய்தது 20-ஆம் விதி சொல்வது அப்படியே. ஜோடி தவறாக விளக்கினால் ஏலம் நடக்கும்போது திருத்தவும் கூடாது, முகத்தில் காட்டவும் கூடாது. ஆடும் தரப்பு, அதாவது ஏலத்தை வென்ற ஜோடி, கடைசி பாஸுக்குப் பின் சொல்ல வேண்டும். தற்காப்புத் தரப்பு ஆட்டம் முடியும் வரை பொறுக்க வேண்டும், ஏனென்றால் முன்பே திருத்தினால் அது ஜோடிக்குப் போகும் செய்தியாகிவிடும். நம்மில் பலர் இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொள்கிறோம். விளக்கம் சரியாக இருந்து ஏலம் மட்டும் தவறியிருந்தால் எதையும் திருத்தக் கடமை இல்லை. ஆனால் இரண்டில் எது தவறியது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், விளக்கமே தவறு என்றுதான் டைரக்டர் எடுத்துக்கொள்வார். உங்களுக்காகச் சாட்சி சொல்லப்போவது உங்கள் கார்டுதான். அதை வெறுமையாக வைத்துக்கொண்டு “சத்தியமா அப்படித்தான் ஆடுறோம்” என்று மேசையைத் தட்டிப் பயனில்லை.

கேட்பவர்களுக்கும் ஒன்று. கையில் நல்ல சீட்டு இருக்கும்போது மட்டும் கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியே உங்கள் ஜோடிக்குத் தகவல். அதை வைத்து அவர் ஆடக்கூடாது. ஜோடியின் காதில் விழட்டும் என்று கேட்பது நேரடியான விதிமீறல்.

1975-இல் பெர்முடா பவுல் என்ற உலகப் போட்டியில் முதன்முதலில் வந்த திரைகள், ஜோடியை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்க மேசையின் குறுக்கே வைப்பவை, நம்மிடம் இல்லை. திரை இருந்தால் அவரவர் ஏலத்தையும் பக்கத்தில் உள்ள எதிரணிக்காரருக்கு அவரவரே விளக்கலாம். நான் சொல்வது என் ஜோடிக்குத் தெரியாது. இணைய ஆட்டத்திலும் அந்த வசதி உண்டு. அங்கே ஒழுங்காக விளக்கும் ஜோடிகள் நேர் மேசைக்கு வந்ததும் ஊமையாகிவிடுவது எனக்கு விளங்காத புதிர்.

செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம் ஒன்றே: வரும் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரி நிரப்பிய இரண்டு கார்டுகளுடன் மட்டுமே மேசையில் அமரலாம், ஆட்டம் தொடங்கும் முன் அவற்றை எதிரணியிடம் நீட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஜோடிக்கு முதல் சில வாரங்கள் சலுகை தரலாமா என்பதில் குழுவுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. தரலாம் என்பது என் கட்சி. உங்கள் வாக்குக்கு விடுகிறோம்.

எங்கள் கார்டை நானும் என் ஜோடியும் திருத்திவிட்டோம். 2 ஸ்பேட் வரிசையில் இப்போது இப்படி இருக்கிறது: “ஆறு சீட்டு, மூன்றாம் இடத்தில் ஐந்தும் அடிக்கடி வரும்.” ‘அடிக்கடி’ என்ற சொல்லுக்கு அவர் இன்னும் சண்டை போடுகிறார்.

இப்படிக்கு,
செயலாளர்