ஆத்தா கொடுத்த எச்சில்

தேவகோட்டை

அன்பு நண்பா,

நலமா? உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. ஆத்தாவை அழைத்துக்கொண்டு மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன்.

ஆறு மாதமாக ஆத்தாவுக்கு முகம் உப்பிக்கொண்டே வந்தது, பிரஷரும் மாத்திரைக்கு அடங்கவில்லை. ரத்தம் எடுக்கப் போன இடத்திலெல்லாம் "நரம்பு கிடைக்கலையே" என்று இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். எண்பது வயதுத் தோல். மணிக்கட்டுவரை நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கமில்லை. அதனால்தான் டாக்டர், "இதுக்கு ஊசி வேண்டாம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல எச்சில் எடுத்துட்டு வாங்க" என்றதும் பாதி பாரம் இறங்கியது.

கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் ஏறி, நடுராத்திரியில் அடங்கிவிட வேண்டுமாம். முகத்தை உப்பவைத்து, பிரஷரையும் ஏற்றிவிடும் குஷிங் என்ற கோளாறு இருந்தால் ராத்திரியிலும் அடங்காது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் கார்டிசால் உமிழ்நீரிலும் கசிந்து வருகிறது. வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஊசி என்றாலே வரும் பதற்றத்தில் கார்டிசால் ஏறிவிடும் என்ற கவலையும் இல்லை.

ஆனால் ஆத்தா ஒப்பவில்லை. "எச்சியப் போயி அடுத்தவுக கையில கொடுக்கவா?" என்றார். வாழ்நாள் முழுக்க டம்ளரை அண்ணாந்து குடித்தவர் அல்லவா! சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். எட்டு மணியோடு வெற்றிலையை நிறுத்தி, வாய் கொப்பளிக்கச் சொன்னேன். பதினொன்றுக்கு வளவில் உட்கார்ந்து, பஞ்சுச் சுருளை வெற்றிலை போலவே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். இரண்டு நிமிடம். கை படாமல் குழாய்க்குள் துப்பி மூடினோம். மறுநாள் ராத்திரியும் அப்படியே.

நாம் அருவருக்கும் இந்த எச்சில் நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்கிறது. 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சத்தில் ஹார்மோன், எதிர்ப்புப் புரதம், கிருமியின் மரபணு எல்லாம் இருக்கின்றன. ஈறில் தடவி எடுத்து வீட்டிலேயே எச்.ஐ.வி. பார்க்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2012-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. 2020-ல் யேல் பல்கலைக்கழகத்தார் எச்சிலிலேயே கோவிட் பார்த்தார்கள். மூக்கில் குச்சி விட்டபோது நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? ஆனால் சர்க்கரைக்கு இன்னும் ரத்தம்தான், அதில் ஏமாறக் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தாலும் கணக்குத் தப்பும்.

ஆத்தாவுக்கு ரிசல்ட் நார்மல். வேறு காரணத்தைத் தேடுகிறார்கள்.

உன் அம்மாவுக்கும் அடுத்த மாதம் டெஸ்ட் என்று எழுதியிருந்தாய். அதில் எச்சிலிலேயே பார்க்கக்கூடியது எதுவும் உண்டா என்று டாக்டரிடம் கேள். கூச்சப்படாதே, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஆத்தா உன்னை விசாரித்தார். பொங்கலுக்கு வந்தால் கவுனி அரிசி செய்து தருவாராம்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்