நகலுக்காக நின்றவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரசு வேலையை விட்டுவிட்டு அரசியல் நையாண்டியை முழுநேரமாக எழுதப் போகிறேன் என்றாய். அம்மா பதறிப்போனாள். நான் பதறவில்லை. தாலுகா அலுவலகத்திலேயே காலம் கழித்தவனுக்கு உனக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் "உள்ளே இருந்துகொண்டு உண்மையை எழுத முடியாதுப்பா" என்றாயே, அது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை.

ஸ்ரீலால் சுக்லா என்று ஒரு இந்தி எழுத்தாளர் இருந்தார். 1925இல் லக்னோ பக்கம் அத்ரௌலி என்ற கிராமத்தில் பிறந்தவர். அலகாபாத்தில் படித்து, 1949இல் உத்தரப் பிரதேச மாநிலக் குடிமைப் பணியில் சேர்ந்தார், பிற்பாடு ஐ.ஏ.எஸ். ஆனார். 1983இல் ஓய்வு பெற்றார். அவருடைய 'ராக் தர்பாரி' 1968இல் வந்தது. கணக்குப் போட்டுப் பார். 19 வருஷம் அரசு வேலை பார்த்த பிறகு வந்த நாவல் அது. வந்த பிறகும் 15 வருஷம் அதே வேலையில் இருந்திருக்கிறார். மறுவருஷமே சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

சிவபால்கஞ்ச் என்று ஒரு கற்பனைக் கிராமம். அங்கே வைத்தியர் ஒருவர். கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, பஞ்சாயத்து எல்லாம் அவர் கைக்குள். அவர் வீட்டுக்கு உடம்பு தேற வந்த சகோதரி மகன், படித்த பையன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிஜ மந்திரி எவர் பெயரையும் இழுக்க வேண்டிய தேவையே சுக்லாவுக்கு வரவில்லை. ஒரு கிராமத்தைச் சரியாக எழுதியதும் தலைநகரம் தானாக அதற்குள் வந்துவிட்டது. தமிழில் 'தர்பாரி ராகம்' என்று வந்ததைத்தான் நான் படித்தேன். பாதி புத்தகம் வரைக்கும் சிரித்துச் சிரித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அப்புறம் கதையில் ஒரு நொண்டி மனிதர் வந்தார். தாசில் அலுவலகத்தில் ஒரு நகல் வேண்டும் அவருக்கு. குமாஸ்தா கேட்ட பணத்தைக் கொடுக்க மாட்டேன், சட்டப்படியே வாங்குவேன் என்கிறார். குமாஸ்தாவும் சரி, நானும் சட்டப்படியே தருகிறேன் என்கிறார். மனுவில் இந்தக் குறை, அந்தக் குறை என்று நடை நடையாக நடக்கிறார். கடைசியில் நகல் தயாராகி, அறிவிப்புப் பலகையில் தகவலும் ஒட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்குக் காய்ச்சல். எழுந்து வருவதற்குள் கெடு முடிந்து நகலைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். விதிப்படி யார் மேலும் தப்பில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் பாப்பா. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாரிசுச் சான்றுக்காக ஒரு அம்மா வந்தார். புருஷன் பெயரில் ஒரு எழுத்து ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. நான் நாலு தடவை திருப்பி அனுப்பினேன். லஞ்சம் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, விதியை மட்டும் சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் வரவில்லை. நல்ல குமாஸ்தா என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல்தான் அந்த அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து என் மேசை முன்னால் நிறுத்தியது.

இப்படி எழுத அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவரால்தான் முடியும் என்று நான் நம்புகிறேன். குமாஸ்தா எந்தத் தொனியில் "நாளைக்கு வாங்க" என்பார், மனு எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், இதெல்லாம் வெளியில் நின்று பார்த்தால் தெரியாது.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. உனக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான 1973ஆம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. மேலதிகாரியிடம் கேட்பதற்கு முன்னால் அவற்றை வரி வரியாகப் படி. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீயே தெரிந்துகொள். சுக்லா காலத்திலும் கெடுபிடி குறைவில்லை. அந்த நாவல் வந்த அதே 1968இல்தான் அகில இந்தியப் பணிகளுக்கான நடத்தை விதிகளும் வந்தன. அதில் 7ஆவது விதி முழுக்க அரசை விமர்சிப்பது பற்றித்தான்.

2009ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்கு 2011இல்தான் வந்தது. லக்னோவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார்; ஆளுநரே அங்கே போய்க் கொடுத்தார். சில நாளில், அக்டோபர் 28 அன்று, போய்விட்டார்.

நீ அனுப்பிய கட்டுரையைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். மந்திரி வரும் இடம் நன்றாக இருக்கிறது, சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வெயிலில் வரிசையில் நின்ற ஜனங்களைப் பற்றி போனில் அவ்வளவு நேரம் சொன்னாயே, அவர்களில் ஒருவரைக்கூட அதில் காணவில்லை. வேலையை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்த வரிசையை மட்டும் மறக்கும் முன்னால் எழுதி எனக்கு அனுப்பு.

புத்தகத்தைத் தபாலில் போட்டிருக்கிறேன். ஓரம் மடித்த பக்கம்தான் நான் நிறுத்திய இடம்.

அன்புடன்,
அப்பா