காலை அட்டவணையில் கால் மணி நேரம்: பெங்களூரு முதியோர் இல்லப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூரோ ஸ்ரீராம்புரமோ, தமிழ்ப் பெரியவர்களைப் பராமரிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

“மூணு நாளா வெளிக்குப் போகலை” என்று ஒருவர் சொன்னால், ராத்திரி ஒரு மூடி மலமிளக்கி சிரப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் தம் கையாலேயே வயிற்றைத் தேய்த்துக்கொள்ளவும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் வயிற்றில் மல்லாந்து படுக்கட்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டும். வயிற்றுத் தசை தளர்ந்தால்தான் கை பதியும். விரல்களைச் சேர்த்துவைத்து, இடது விலாவுக்குக் கீழிருந்து இடது இடுப்பெலும்பு வரை 10 முறை இறக்கித் தேய்க்க வேண்டும். அடுத்து வலது விலாவிலிருந்து குறுக்கே இடப்பக்கம் போய்க் கீழே, 10 முறை. பிறகு வலது இடுப்பெலும்பில் தொடங்கி மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும் முழுச்சுற்று, 10 முறை. பெருங்குடல் போகும் வழி இதுதான். கடைவழியில் தேங்கியது நகர்ந்தால்தான் பின்னால் இருப்பதற்கு இடம் கிடைக்கும் என்பதால் இடப்பக்கம் முதலில். நிதானமாக, 10 முதல் 15 நிமிடம். வலிக்கிற அளவுக்கு அழுத்தக் கூடாது.

அடிக்கடி நேரும் தவறு ஒன்று: சொல்லித்தருபவர் எதிரே நின்று தன் வயிற்றில் காட்டுவார், பார்ப்பவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் செய்வார், சுற்று தலைகீழாகிவிடும். முழுச்சுற்றுக்கு அவர் கையையே பிடித்து வலது இடுப்பெலும்பில் வைத்துத் தொடங்குங்கள்.

டிபன் சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும், காலையில் அது இன்னும் அதிகம். அந்த அரை மணிக்குள் கழிவறையில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில்தான் பல இடங்களில் குளியல் வரிசை வைக்கிறார்கள், தயவுசெய்து மாற்றுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். டிசம்பர் குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் கொடுங்கள்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மருத்துவரைக் கேட்காமல் சிரப்பை நிறுத்தாதீர்கள்.

குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை, வயிற்று ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வயிறு உப்பி வாந்தி என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பல நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று எண்ணிவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

இப்படிக்கு,
முதியோர் நலனில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்கள்
பெங்களூரு