ஜே.டி.ஆர். கோர்ட்டுக்குப் போகும் மகனுக்கு

ஃபேர்ஃபாக்ஸ், ஞாயிறு இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கைப் பற்றி, காலையில் தொலைபேசியில் நீ சொன்னது மனதை விட்டு அகலவில்லை. "ஜே.டி.ஆர். கோர்ட்டில் என்ன உத்தரவு வந்தாலும் 10 நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போய்விடலாம் அம்மா, இப்போதே வக்கீலுக்கு எதற்குச் செலவு" என்றாய். சட்டப்படி நீ சொன்னது சரிதான். வர்ஜீனியாவில் சிறார், குடும்ப உறவு வழக்குகளைப் பார்க்கும் அந்தக் கீழ்க்கோர்ட்டின் இறுதி உத்தரவை 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், அதற்கு மேலுள்ள சர்க்யூட் கோர்ட் வழக்கை முதலிலிருந்து புதிதாக விசாரிக்கும். ஆனால் 11 ஆண்டுகளாக இந்த இரண்டு கோர்ட்டுகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். "புதிதாக" என்ற அந்தச் சொல் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கீழ்க்கோர்ட்டில் பேசப்படுவதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்வதில்லை. ஆகவே மேலே போகும்போது புரட்டிப் பார்க்க எந்த ஏடும் இராது. மறுபடியும் சாட்சிகள், மறுபடியும் குறுக்கு விசாரணை. ஒரு பாட்டி, யார் என்று நான் சொல்லக் கூடாது, பேரனுக்கு இரவில் மூச்சிரைத்தபோது எழுந்து நெபுலைசர் வைத்தது யார் என்று கீழே ஒரு முறை சொன்னார். பல மாதங்கள் கழித்து மேலே அதே கேள்வி வந்தபோது, பாதி சொல்லி நிறுத்தி, முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே சொன்னேனே, யாரும் எழுதி வைக்கலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சாட்சி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்துச் சொல்வது என் கடமை என்பதால், அதையும் ஆங்கிலத்தில் ஜட்ஜுக்குச் சொன்னேன்.

இன்னொன்று. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே கீழ்க்கோர்ட்டின் உத்தரவு நின்றுவிடாது. குழந்தை எந்த நாளில் யாரிடம் இருப்பாள், நீ மாதம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதெல்லாம், மேலே வேறு உத்தரவு வரும்வரை அப்படியே நடக்கும். கட்டத் தவறிய பாக்கி இருந்தால், அதற்கு மேல்முறையீடு செய்யப் பிணைத்தொகையும் கேட்பார்கள். குழந்தையின் நலன் எது என்று பார்க்க இரண்டு கோர்ட்டுகளுக்கும் சட்டம் ஒன்றுதான். அந்த மாதங்களில் நம் குட்டி புதிய வழக்கத்துக்குப் பழகிவிட்டால், சர்க்யூட் ஜட்ஜின் முன் நிற்பது பழகிவிட்ட குழந்தைதான். அதனால்தான் அடுத்த வாரத்து விசாரணையை ஒத்திகை போல எண்ணாதே என்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர் தகுதியில் குறைந்தவரும் அல்லர். இருவரையும் மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது; பதவிக்காலம்தான் கீழே 6 ஆண்டு, மேலே 8 ஆண்டு. கொலை வழக்கும் ஒப்பந்த வழக்கும் பார்த்துவிட்டு உன் கோப்பைத் திறப்பவரைவிட, நாள் முழுதும் குடும்பங்களையே பார்ப்பவருக்குக் குழந்தையின் பள்ளி நேரமும் உறக்க நேரமும் சட்டென்று விளங்கும் என்பது நான் கண்டது.

விவாகரத்து மட்டும் ஜே.டி.ஆர். கோர்ட்டில் கிடைக்காது, வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் பிரிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. அவை சர்க்யூட் கோர்ட்டுக்கே உரியவை. சிறு குழந்தை இருப்பதால், குற்றம் சாட்டாமல் விவாகரத்து கேட்க நீங்கள் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மனுவில் குழந்தையின் பொறுப்பையும் சேர்த்துக் கேட்டு, அங்கே விரைவில் விசாரணைக்கு நாளும் குறித்துவிட்டால், அதன்பின் கீழ்க்கோர்ட் அந்த விஷயத்தில் உத்தரவு போட முடியாது. ஆகவே எந்த வாசலில் எப்போது நுழைவது என்பதை வக்கீலிடம் இப்போதே கேள். பணம் நான் அனுப்புகிறேன். மேலே போக நேர்ந்தால் இன்னொன்றும் நினைவில் வை: அது பதிவுள்ள கோர்ட் என்றாலும், இத்தகைய வழக்குகளில் சுருக்கெழுத்தாளரைக் கட்சிக்காரர்கள்தான் தம் செலவில் அழைத்துவர வேண்டும். அழைக்காமல் போனவர்கள் அதற்கும் மேலே முறையிட நினைத்தபோது, என்ன பேசப்பட்டது என்று காட்ட வழியின்றித் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீயும் மருமகளும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்து, அதை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஜட்ஜ் அதையே உத்தரவாக்குவார். அவளிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல், பேசுகிறேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

பள்ளிக் கடிதங்கள், மருத்துவரின் சீட்டுகள், நீ குழந்தையை அழைத்துச் சென்ற நாட்களின் குறிப்பு, எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து வை. உனக்கு நான் மொழிபெயர்க்க முடியாது. சாட்சியாக வேண்டுமானால் வரலாம். செவ்வாய் மாலை ரயிலில் ரிச்மண்ட் வந்துவிடுகிறேன். குட்டிக்குப் பிடித்த தேங்காய் பர்ஃபி செய்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா