ஜூலை மாதப் பட்டியல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால் கடிதம். அம்மா நலம். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கொல்லையில் கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது. வேறு செய்தி இல்லை.

பேஸ்பாலின் இரண்டு லீகுகளும் தங்கள் சிறந்த வீரர்களை இறக்கி மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கான பட்டியல் வந்த அன்று நாம் போட்ட சண்டை என் மனதில் இன்னும் முடியவில்லை. ரசிகர் ஓட்டும் வேண்டாம், மேனேஜர் விருப்பமும் வேண்டாம், ஒரு வீரரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுகிறது என்று சொல்லும் அந்த வார் (WAR) கணக்கில் மேலே இருப்பவர்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் போதும் என்றாய். சொல்லும்போது உன் குரலில் ஒரு கசப்பு இருந்தது. பேஸ்பாலுக்காக அவ்வளவு கசப்பு யாருக்கும் வராது. நான் எதையும் கேட்கப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு.

ரசிகர்கள் சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் வாதாட முடியாது. நம் ஊர் வரலாறே அதற்கு எதிர்ச்சாட்சி. 1957-இல் சின்சினாட்டிக்காரர்கள் ஓட்டுச் சீட்டுகளை மூட்டை மூட்டையாகப் போட்டு, எட்டு இடங்களில் ஏழு இடங்களை நம் ஊர் அணியான ரெட்ஸின் வீரர்களுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக் அதில் இரண்டு பேரை எடுத்துவிட்டு வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் போட்டார். ரசிகர்களிடமிருந்து பிடுங்கிய ஓட்டு 1970 வரை திரும்பி வரவில்லை. மேஸையும் ஆரனையும் விட்டுவிட்ட பட்டியல் எப்படிப்பட்ட பட்டியலாக இருக்க வேண்டும், யோசித்துப் பார். அந்த வருடம் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது ஆரனுக்குத்தான் போனது.

2010-இல் நம் ரெட்ஸ் வீரர் வோட்டோவுக்கும் அதுதானே நடந்தது? முதல் பட்டியலில் பெயர் இல்லை. கடைசி ஓர் இடத்துக்கு வைத்த ஓட்டில்தான் உள்ளே போனார். நீ அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். நவம்பரில் அவருக்கும் அதே விருது வந்தது. அவருக்கு முன்னால் ஓமர் இன்ஃபான்டேவை எடுத்தார்கள் என்று நீ இன்றும் கொதிக்கிறாய். முழுநேரம் ஆடாத ஒருவரை ஏன் எடுத்தார் நேஷனல் லீக் பட்டியலின் மேனேஜர் மேனுவல்? பல இடங்களில் நிற்கக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும், ஏனென்றால் ஆல் ஸ்டார் ஆட்டத்தை வென்ற லீகுக்குத்தான் அன்று இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சொந்த மைதானச் சாதகம். எனக்கும் அந்தத் தேர்வு பிடிக்கவில்லை, ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. உன் வார் வரிசையில் அந்த நியாயத்துக்கு இடம் எங்கே?

உடனே உன் சியாட்டிலின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸை இழுப்பாய். இழு. அதே 2010-இல் 13 வெற்றி, 12 தோல்வி. அணி ரன்னே எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? வெற்றிக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஆட்டத்துக்கு 2.27 ரன்தான் விட்டுக்கொடுத்தார் என்ற சராசரியைப் பார்த்தவர்கள்தான் அவருக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைக் கொடுத்தார்கள். நீ சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவரை எத்தனையோ பிட்சர்களை அந்த வெற்றிக் கணக்கை வைத்துத்தானே எடை போட்டார்கள்? அதுவும் எண்தான். அந்தக் காலத்தில் அதை நம்பாதவனைத்தான் விவரம் தெரியாதவன் என்றார்கள்.

இன்றைய எண்ணும் அப்படித்தான். ஒரே பிட்சருக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையதளம் ஒரு வார் போடுகிறது, ஃபேன்கிராஃப்ஸ் என்ற இன்னொரு தளம் வேறொன்று போடுகிறது. ஒன்று விட்டுக்கொடுத்த ரன்னிலிருந்து தொடங்குகிறது. மற்றது ஸ்டிரைக் அவுட், வாக், ஹோம் ரன்னிலிருந்து. ஓரத்தில் வந்த பந்தைக் கையுறை அசையாமல் வாங்கி அம்பயரிடம் ஸ்டிரைக் பெற்றுத் தரும் கேட்சரின் வேலையை, பந்தின் பாதையை அளக்கும் கேமராக்கள் வந்த பிறகுதான் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் வாழ்நாளெல்லாம் அதைச் செய்த கேட்சர்கள் இருந்தார்களே! அவர்கள் கணக்கில் அது பூஜ்யம்.

அதுவும் ஜூலையில்! 300 முறை அடிக்க நின்றவருக்கு அடிக்கும் சராசரியில் .300-க்கும் .270-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது ஹிட். மூன்று மாதத்தில் ஒன்பது பந்து ஃபீல்டர் கைக்கு எட்டாமல் போனால் அவர் நட்சத்திரம், எட்டிவிட்டால் பட்டியலில் இல்லை. அரை வருடக் கணக்கை வைத்து ஓர் ஆளைத் தீர்த்துச் சொல்ல யாராலும் முடியாது. எந்த அலுவலகத்திலும் முடியாது.

அம்மாவிடம் மருமகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்.

ரெட்ஸ் ஆட்டங்களை மார்ட்டி பிரென்னமன் ரேடியோவில் வர்ணித்துச் சொல்லச் சொல்ல அந்தப் பச்சை நோட்டில் ஒரு பந்து விடாமல் குறித்தவன் நீ. ரேடியோ இரைந்த இடங்களில் மட்டும் கேள்விக்குறி போட்டிருப்பாய். பெரியப்பாவிடம் காட்டியபோது, இந்தப் பையன் தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறானே என்றார். எனக்கு அன்று வந்த பெருமை உன் பட்டமளிப்பில்கூட வரவில்லை. அந்தப் பையன் இப்போது ஒரு வரிசையைக் காட்டி, இதற்கு மேல் பேச்சே இல்லை என்கிறான். எனக்குக் கோபம் வராதா?

டிம் சால்மன் என்று ஒருவர், நினைவிருக்கிறதா? ஏஞ்சல்ஸுக்காக 299 ஹோம் ரன் அடித்தார். ஒரு தடவைகூட ஆல் ஸ்டார் ஆகவில்லை. அதனால் அவர் குறைந்துபோனாரா என்று அந்த அணியின் ஊரான அனஹைமில் போய்க் கேட்டுப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. இரவு கண் விழிக்காதே. ஜூலைக்குப் பிறகு நீயாக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள். வீட்டுக் கடன் தவணைக்கு இந்த மாதம் ஏதாவது அனுப்பட்டுமா? என்னிடம் இருக்கிறது. கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

செப்டம்பரில் நாங்கள் இருவரும் அங்கே வரலாம் என்று நினைக்கிறோம். வசதிப்படாது என்றால் வேண்டாம் என்று எழுது, நான் வருத்தப்பட மாட்டேன். பதில் போடாமல் மட்டும் இருக்காதே. வோட்டோ விஷயத்திலும் உன் பதில் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அப்பா