கூண்டுக் கதவை அவசரப்பட்டுத் திறக்காதவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

தெருப்பூனைகள் வாழ்ந்துவந்த அந்தக் கட்டடம் இடிபடுவது உறுதியான பிறகுதான் அவற்றுக்கு இடமாற்றம் என்ற பேச்சையே எடுத்தோம். மற்றபடி, ஆளை அண்டாத பூனைகளுக்குக் கருத்தடை செய்து, பிடிபட்ட இடத்திலேயே விடுவதுதான் சரி. இடம் பெயர்ந்த பூனை பழைய இடத்தைத் தேடித்தான் ஓடும். இந்த ஆபத்து தெரிந்தும் கை கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, பழைய இடத்தில் தீனி வைத்துவந்தவர்களுக்கு. எந்தப் பூனை எதனோடு ஒட்டிப் படுக்கும் என்று நீங்கள் சொன்னதால்தான் பழகிய பூனைகளைச் சேர்த்தே அனுப்ப முடிந்தது. தனியாகப் போகும் பூனை புது இடத்தில் தங்குவது கடினம். பிடிப்பதற்கு முந்தைய இரவு தண்ணீர் மட்டும் வைத்துத் தீனியை நிறுத்தினீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு ஒரு தட்டு வைத்துவிட்டால் போதும், வயிறு நிறைந்த பூனை பொறிக்கூண்டை முகர்ந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பின்பக்கமும் கதவு உள்ள பொறிக்கூண்டுகளைக் கொடுத்து உதவியவருக்கு நன்றி. வாயோடு வாய் ஒட்டிவைத்து, கை படாமல் பூனையை அடுத்த கூண்டுக்கு மாற்ற முடிந்தது. கம்பித் தரையில் கால் வைக்கத் தயங்குமே என்று செய்தித்தாள் விரித்து, மிதித்தால் கதவு விழும் மிதிபலகைக்கு அப்பால் கடைக்கோடியில் மீன் வைத்ததும் அவர் சொல்லித்தந்ததே. கதவு விழுந்த உடனே முழுக் கூண்டையும் துணியால் மூடிவிட வேண்டும். கம்பியில் முகத்தை மோதிக்கொண்டிருந்த பூனை, இருட்டானதும் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டு எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துக்கொடுத்தார் கால்நடை மருத்துவர். பால் சுரந்துகொண்டிருந்த தாய்ப்பூனையைத் தனியே பிரித்து, பிடிபட்ட இடத்துக்கே உடனே திருப்பி அனுப்பச் சொன்னதற்கு அவருக்குத் தனி நன்றி. எங்கேயோ பதுங்கியிருக்கும் குட்டிகள் அவள் இல்லாமல் பட்டினியில் செத்திருக்கும்.

எங்கள் பெரிய கடன் புது இடத்துக் குடும்பத்தாரிடம்தான். புது இடம் பழகும்வரை அடைத்துவைக்க இரண்டு பூனைக்கு ஒரு கூண்டு, குறைந்தது 4 அடி நீளம், 3 அடி அகலம். உள்ளே பதுங்க, மூடித் திறக்கும் கதவுள்ள மரப்பெட்டி. பூனை பெட்டிக்குள் இருக்கும்போது அதன் கதவைச் சாத்திவிட்டு, பூனை கழிவு போகும் மண்தட்டை மாற்றலாம். இந்தப் பெட்டி இல்லாவிட்டால் தினமும் கீறல்தான். வேளை தவறாமல் இரண்டு வேளைத் தீனி, ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் தட்டும் அதே ஓசை. பிறகு வெளியே விட்டபோது அந்த ஓசைதான் கூப்பிட்டு வரவைத்தது. முதல் நாள்களில் பகலில் தொடாமல் இரவில் மட்டும் சாப்பிடுவது வழக்கம். இரண்டு நாள் முழுக்கத் தீனி அப்படியே கிடந்தால் காத்திருக்கக் கூடாது, கல்லீரல் கெட்டுப்போகும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

முதல் வாரம் இரவெல்லாம் கத்தும், கம்பியைப் பிறாண்டும். பாவம் என்று பலரும் கதவைத் திறப்பது அப்போதுதான், பூனை தொலைவதும் அப்போதுதான். அந்தக் கத்தலை அத்தனை இரவும் கேட்டுக்கொண்டு, மூன்று வாரம் முடியும்வரை நீங்கள் திறக்கவில்லை. பூனைகள் தங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. திறந்த அன்றும், தீனி வேளைக்குச் சற்று முன் கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகிவிட்டீர்கள், விரட்டவில்லை. கூண்டை அங்கேயே விட்டுவைத்ததால் பயந்தவை திரும்பி வந்து அதிலேயே படுத்தன.

கண்ணில் படாமல்போன பூனைக்காகத் தீனித் தட்டைச் சுற்றி மாவு தூவச் சொன்ன நண்பருக்கும் நன்றி. காலையில் அதில் பாதச்சுவடு இருந்தது. இப்படிப்பட்டவை பெரும்பாலும் பக்கத்திலேயேதான் பதுங்கியிருக்கும், தீனி வைப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இரவல் வாங்கிய கூண்டுகளைச் சோப்பால் கழுவி, 32 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு திரவ பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவைத்திருக்கிறோம். ஃபினாயில் ஊற்றவில்லை, அது பூனைக்கு நஞ்சு. ஒரு கூண்டின் கதவு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அதில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். மாற்றாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
இடமாற்றக் குழுவினர்