அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

கடலூர், புதுப்பாளையம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கலியா,

புதுமனை புகுவிழாவுக்கு வராமல் போனது தப்புதான். அதற்கான திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சியிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் தெரியும். அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மஞ்சக்குப்பத்தில் நம்ம ஆள் பாவாடையைப் பார்த்தேன். நீ கார் ஏற்றும் டிரெய்லர் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறாய், இரண்டு ஆக்சில், நாலு சக்கரம், புதுப் பெயின்ட், விலை சல்லிசு என்றான். விற்கிறவர் யார் என்றும் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன மாதம் நான் வாடகைக்கு எடுத்தது அதே டிரெய்லர். கலியா, அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. போனில் சொன்னால் “சரிடா, சரிடா” என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் பத்மினி கார் விஷயத்தில் மெக்கானிக் பேச்சைக் கேட்காமல் இரண்டு முறை எஞ்சின் ஹெட்டைக் கழற்றியவன் நீ. இதையாவது கடைசி வரை படி.

அப்பாவின் அம்பாசிடர் ஒன்பது வருடமாக விருத்தாசலத்தில் அக்கா வீட்டில் கிடந்தது உனக்குத் தெரியும். அதைக் கொண்டுவரப் பொலேரோவையும் அந்த டிரெய்லரையும் எடுத்துக்கொண்டு போனேன். என் பிள்ளை கதிரும் கூட வந்தான். முன்சக்கரம் இரண்டும் பிரேக் பிடித்து இறுகிப்போயிருந்தன. அதனால் பின்பக்கமாகவே இழுத்து ஏற்றினோம். அதாவது, எஞ்சின் இருக்கும் பக்கம் டிரெய்லரின் வால் பக்கம் வந்துவிட்டது. அக்கா வீட்டுக் கொட்டகையில் இருந்த பழைய கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்பிரிங் கட்டு எல்லாவற்றையும் மிச்சமிருந்த இடத்தில், வாலிலேயே போட்டோம். “ரெண்டு டன் தாங்கும், கவலைப்படாதீங்க” என்று வாடகைக்கு விட்டவர் சொல்லியிருந்தார். டிரெய்லரில் அடித்திருந்த தகட்டிலும் 2000 கிலோ என்று இருந்தது. நம்பிவிட்டேன்.

நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வரை ஒன்றும் இல்லை. குள்ளஞ்சாவடி தாண்டி லேசான இறக்கம். அறுபதில்தான் போனேன். ஒரு பஸ் எங்களை ஒட்டி ஓவர்டேக் செய்தது. அந்தக் காற்று போதும். டிரெய்லர் வால் இடப்பக்கம் ஒரு தள்ளு, வலப்பக்கம் ஒரு தள்ளு, அடுத்தது அதைவிடப் பெரிசு. பொலேரோவின் பின்பக்கத்தையே பிடித்து ஆட்டியது. ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, வண்டி இல்லை. கதிர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். மெல்ல மெல்ல வேகம் குறைந்து அடங்கியது. மிதித்திருந்தால் டிரெய்லர் முன்னால் தள்ளி, வண்டியை மடக்கிப் போட்டிருக்கும். எதிரே வந்தது பால்காரர் ஒருவர் மட்டும்தான், அவரும் ஓரத்தில் ஒதுங்கிவிட்டார். அங்கேயே நிறுத்திவிட்டு, மீதி வழிக்கு ஒரு ரெக்கவரி வண்டி வைத்துக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, அதே காரையும் அதே சாமானையும் அதே மாதிரி ஏற்றி, மாட்டு வண்டி வேகத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் இருக்கும் எடை மேடைக்குப் போனேன். கரும்பு லாரிகளுக்கு நடுவே இதைப் பார்த்து எடை மேடைப் பையன் சிரித்தான். பொலேரோவிலிருந்து கழற்றி, டிரெய்லரை மட்டும் மேடையில் ஏற்றியபோது 2120 கிலோ. மறுபடி மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்தபோது 2080. அப்படியென்றால் டிரெய்லரைப் பொலேரோவோடு மாட்டுகிற கொக்கியில் உட்கார்ந்திருந்தது வெறும் 40 கிலோ.

அது குறைந்தது 210 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. அதைவிடக் குறைந்தால் வால் ஆடும். ரொம்ப ஏறினால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் குந்தி, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. உன் தாத்தா கரும்பு வண்டி பாரம் ஏற்றும்போது நுகத்தடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? முன்பாரமானால் மாட்டின் கழுத்து போகும், பின்பாரமானால் வண்டி குடை சாயும் என்பார். பாகூர் வயலில் அவர் கையால் பார்த்ததைத்தான் நான் எடை மேடையில் பார்த்தேன். காரை முகம் முன்னால் இருக்கும்படி ஏற்றி, அரை அடி முன்னே தள்ளியிருந்தாலே பாதி ஆபத்து போயிருக்கும்.

மீதிப் பாதியைத்தான் உன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். தகட்டில் இருக்கும் 2000 என்பது டிரெய்லரையும் சேர்த்து. வெறும் டிரெய்லரே 820 கிலோ இருந்தது. அப்புறம் காருக்கும் சாமானுக்கும் மிச்சம் 1180தான். நான் ஏற்றியது 1300. யாராவது “இத்தனை டன் தாங்கும்” என்று சொன்னால், முதல் கேள்வியாக வெறும் எடை என்ன என்று கேள்.

இன்னொன்று. குனிந்து டயரைப் பார்த்தேன். 155/80 ஆர் 13, பக்கத்தில் 79 என்று போட்டிருந்தது. சின்னக் காருக்குப் போடுகிற டயர். 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும். நாலுக்கும் சேர்த்து 1748. அதன் மேல் 2080 கிலோவை விருத்தாசலத்திலிருந்து வெயிலில் இழுத்து வந்திருக்கிறேன், கலியா, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தகடு 2000 என்கிறது, டயர் 1748 என்கிறது. எது குறைவோ அதுதான் கணக்கு. டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் கிடையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் தனி வாகனம், அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், உள்ள மொத்த எடையைத் தாண்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் இருபதாயிரம் ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். அதிகப் பாரத்தை இறக்கி வைக்கிற செலவும் நம் தலையில்தான்.

உன் பத்மினி ஒரு டன்னுக்குள் இருக்கும். அதற்கு மட்டும் என்றால் பெரிய டிரெய்லரே வேண்டாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், அடுத்த மாதமே ஜீப்பையும் ஏற்றுவாய். அதனால் ஜீப்பின் ஆர்.சி.யில் எடையைப் பார், அதை வைத்து முடிவு செய். டயரின் தாங்கு எடை மொத்தப் பாரத்தைவிடத் தாராளமாக இருக்கட்டும். ஓவர்ரன் பிரேக் கட்டாயம், அதாவது இழுக்கிற வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னே தள்ளுகிற அழுத்தத்திலேயே தானாகப் பிடிக்கிற பிரேக். உன் வண்டி எத்தனை கிலோ இழுக்கலாம் என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கும், கொக்கியில் இறங்குகிற எடையும் உன் வண்டியின் பாரத்தில் சேரும், பின்சீட்டில் ஏறுகிற பாவாடையோடு சேர்த்து. நாலு பக்கமும் மூடின பெட்டி டிரெய்லர் அழகாக இருக்கும், அந்த ஆசையை விட்டுவிடு, அதன் வெறும் எடையே பாரத்துக்கான இடத்தைத் தின்றுவிடும். நம் ஊர் உப்புக் காற்றுக்குப் புதுப் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்புச் சட்டகம்தான் நிற்கும். அந்த டிரெய்லரில் பெயின்டுக்கு அடியில் வெல்டிங் பக்கம் விரல் வைத்தேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

அம்பாசிடர் இப்போது வாசலில் நிற்கிறது. அப்பா காலையில் காபியோடு போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறார், அரை மணி நேரம். கதிர் அதில் ஏறவே மாட்டேன் என்கிறான்.

வருகிற ஞாயிறு காலை பாகூர் வருகிறேன். டேப்பும் எடை மேடைச் சீட்டுகளும் கொண்டுவருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போய், விற்கிறவர் எதிரிலேயே டயர் எண்ணைப் படிப்போம். அதுவரை ஒரு ரூபாய் கொடுக்காதே. தங்கச்சியிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வை, மீன் குழம்பு.

உன்
தட்சிணா